வெயிலில் வைத்துப் பார்க்கவும்

மாஸ்டரின் பட்டறை வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் பட்டறையின் பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது, உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பதுகூடக் கிடையாது. ‘வெயிலில் வைத்துப் பார்க்கவும்’ என்று மட்டும் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் மெத்தைக் கடை என்று நினைத்துத் தலையணை கேட்டதுண்டு. மாஸ்டர் அதற்காகக் கோபப்பட்டாரே தவிர, பலகையில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. “பெயிண்டர்னு எழுதிட்டா சுவத்துக்கு வெள்ளையடிக்கக் கூப்பிடுவான்” என்பார்.

அவர் பெயிண்ட் அடிப்பது மோட்டார் சைக்கிளுக்கு. அதுவும் கம்பெனி கொடுத்த நிறம் போதாது என்று நினைக்கிறவர்களின் மோட்டார் சைக்கிளுக்கு. டேங்க், மட்கார்டு, பக்கவாட்டு மூடி எல்லாம் கழன்று தனித்தனியாக அவரிடம் வரும். பழைய தோலை உரித்து, நிறம் ஏற்றி, அதன்மேல் கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சை நாலு தரம் அடித்து, காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மெஷினில் மெருகேற்றிக் கொடுப்பார்.

கொடுக்கும் முறையில்தான் விசேஷம். பட்டறைக்கு முன்னால் ஒரு முற்றம். முற்றத்தின் நடுவில் ஒரு முக்காலி. உச்சி வெயில் வரும்வரை வாடிக்கையாளரை உட்காரவைத்து டீ கொடுப்பார். பிறகு, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கிவருவதுபோல டேங்க்கை இரண்டு கையிலும் ஏந்தி வந்து முக்காலியில் வைப்பார். ஐந்தடி தள்ளிப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

“பாருங்க சார். நிழல்ல எல்லா டேங்க்கும் அழகுதான்.”

மழை நாளில் டெலிவரி கிடையாது. அவசரப்படுத்தியவர்களிடம், “அத என்கிட்ட சொல்லாதீங்க, மேல சொல்லுங்க” என்று வானத்தைக் காட்டிவிடுவார்.

இந்தப் பெருமையில் முக்கால்வாசி நியாயமானது. அவர் வேலை அப்படி. மீதிக் கால்வாசி, தன் கண்ணைப் பற்றிய பெருமை. நாற்பத்தெட்டு வயதில் தன் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்பது அவர் கட்சி. குறையெல்லாம் உலகத்தில் இருந்தது. பேப்பர்க்காரன் மையை மிச்சம் பிடிக்க ஆரம்பித்திருந்தான். மருந்துக் கம்பெனிக்காரன் எறும்பு படிப்பதற்காக எழுத்து அச்சடித்தான். ஊசி செய்கிறவன் காது வைக்க மறந்துபோனான். மீனில் மட்டும் எப்படியோ முள் குறைந்துவிட்டது. “இப்பல்லாம் முள்ளில்லாத மீனா வருதே” என்று சாப்பிடும்போது சந்தோஷமாகச் சொல்வார். அவர் மனைவி தன் தட்டின் ஓரத்தில் குவிந்திருக்கும் முள்ளை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவாள்.

வீடும் பட்டறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சமையலறைக் கதவைத் திறந்தால் பட்டறை. பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டுவது மனைவியின் வேலை. வளைவான விளிம்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் டேப்பை இழுத்துக்கொண்டே போவாள். பார்க்கிறவர்களுக்கு டேப் தானாக நடந்து போவதுபோல இருக்கும். மாடி அறையில் அவள் தங்கை. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் பதினாலு வருஷமாக வேலை. மாஸ்டர் அவளை லென்ஸு என்றுதான் கூப்பிடுவார். வந்த மாப்பிள்ளைகள் எல்லாரிடமும் ஏதாவது ஒரு கீறலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதில் முப்பத்தேழு வயது ஆகியிருந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை முற்றத்துக்கு வந்தவர் தலைவர். நெடுஞ்சாலை வீரர்கள் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேர் நிர்வாகிகள், பதினோராவது ஆளுக்குப் பதவி யோசித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவர் வண்டியில் போன அதிகபட்சத் தூரம், அந்த ஜாக்கெட்டைத் தைத்த தையல்காரர் கடைவரைக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் வந்து ஆர்டர் கொடுத்தது இப்படி: “கறுப்பு வேணும் மாஸ்டர். ஆனா வெறும் கறுப்பு இல்ல. யோசிக்கிற கறுப்பு.”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அடியில் அடர்ந்த சிவப்பு, அதன்மேல் புகைபோல மெலிந்த கறுப்பு, மறுபடி கறுப்பு, மறுபடி கறுப்பு என்று அடித்துக்கொண்டே போனார். நிழலில் அது கரி. வெளிச்சம் சாய்ந்து விழுந்தால், அடியிலிருந்து சிவப்பு மெதுவாக மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதற்கு யோசிப்பது என்று பெயர் வைத்தால் தப்பில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் அவரிடம் வந்த முதல் கறுப்பு அது. நடுவில் எல்லாரும் வெள்ளையும் வெள்ளியுமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை எதையும் மன்னித்துவிடும். கறுப்புக்கு அந்தக் குணம் கிடையாது.

மணி பன்னிரண்டு. டேங்க் முக்காலியில் ஏறியது. மட்கார்டுகள் பக்கத்தில் ஒரு பாய்மேல். தலைவர் கூலிங்கிளாஸைக் கழற்றிக் குனிந்தார். சுற்றி வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அடடா! மாஸ்டர், இது என்னது?”

“எது சார்?”

“சூரியனச் சுத்தி! வளையம் வளையமா! வெள்ளி இழையில வலை பின்னின மாதிரி! நான் நகந்தா அதுவும் கூடவே நகருதே!”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருக்கு டேங்க்கில் ஒரு சூரியன் தெரிந்தது. கொஞ்சம் கலங்கலான சூரியன். அந்த நேரத்தில் அவர், “என்ன வளையம்?” என்று கேட்டிருக்கலாம். ஆனால் தன் முற்றத்தில், தன் முக்காலியில், தன் டேங்க்கில் இருக்கும் ஒன்று அடுத்தவன் கண்ணுக்குத் தெரிந்து தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“அது… ஒரு ஃபினிஷ் சார்” என்றார்.

“பேரு?”

“பேரு இன்னும் வெக்கல.”

“நான் வெக்கறேன். சூரிய வளையம்!” தலைவர் போனை எடுத்து நாலு பக்கமிருந்தும் படம் பிடித்தார். “மட்கார்டுல இது இல்லையே? அதுலயும் போட்டுடுங்க. சனிக்கிழமை இதே நேரம் வந்து எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை கண்காட்சி. மத்தவன் எல்லாம் வண்டியப் போத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடணும்!”

அவர் போன பிறகு மாஸ்டர் டேங்க்கைத் தொட்டுத் தடவிக்கொண்டு நின்றார். விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. விரல் சொன்னதை நம்பி அவர் உள்ளே போகத் திரும்பியபோதுதான், மதியச் சாப்பாட்டுக்கு லென்ஸு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முக்காலியைப் பார்த்தாள். பக்கத்தில் போய்த் தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

“அக்கா! யாரு இத பாத்திரம் தேய்க்கிற நாரால தேச்சது?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஏய் லென்ஸு, வாய அளந்து பேசு. அது ஃபினிஷ். சூரிய வளையம்.”

“சூரிய வளையமா?”

“தலைவரே பேரு வெச்சிட்டுப் போயிருக்காரு.”

“பேரு வெச்சாச்சா! அப்ப பள்ளிக்கூடத்துலயே சேத்துடலாம்.” அவள் டேங்க்கின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். “மாமா, இது கீறல். எங்க பட்டறையில ஒரு லென்ஸ்ல இதுல பத்துல ஒரு பங்கு இருந்தாக்கூட முதலாளி தலையில கைய வெச்சு உக்காந்துடுவாரு.”

“உன் லென்ஸு வேற, என் டேங்க்கு வேற.”

“ரெண்டும் தேய்க்கிற வேலைதானே? வழவழப்புன்னா என்ன? கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசான கீறல், அவ்வளவுதான். இது பொடிசா இல்ல.”

“இருபத்தாறு வருஷமா வாட்டர் பேப்பர் புடிச்ச கை இது. எனக்குக் கீறல் பாக்கச் சொல்லித்தர வந்துட்டியா?”

“சரி, ஒரே ஒரு கோட்டத் தொட்டுக் காட்டுங்க. நான் பேசாம சாப்பிட்டுட்டுப் போயிடறேன்.”

மாஸ்டர் குனிந்தார். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளினார், இன்னும் தள்ளினார். கை நீளம் முடிந்துவிட்டது. கடைசியில் ரொம்ப நிச்சயமாக ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“இதோ. ஒரு கோடு. இத விட்டா வேற இல்ல.”

“அது உங்க மீசை மாமா.”

அப்போதுதான் மனைவி வந்தாள். கையில் வாளி. வாட்டர் பேப்பரை ஊறவைக்கும் வாளி. தேய்க்கும் தாளுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். நம்பரைத் தாளின் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆயிரத்து ஐநூறில் ஆரம்பித்து, இரண்டாயிரத்தில் தேய்த்து, கடைசி வாளியில் ஊறும் மூவாயிரத்தில் முடித்து, அதன்பிறகு மெஷின்.

அவள் ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, முக்காலி ஓரத்தில் சீட்டு அடுக்குவதுபோல வைத்தாள். “மூவாயிரம். மூவாயிரம். மூவாயிரம்.” நாலாவதைக் கையிலேயே வைத்து மறுபடி படித்தாள். “இது ஆயிரத்து ஐநூறு.”

“கடைசி வாளியிலயா?” என்றாள் லென்ஸு.

“கடைசி வாளியிலதான்.”

“எனக்கு நம்பர் பாக்க வேண்டியதில்ல” என்றார் மாஸ்டர். “விரலு சொல்லும்.” சொன்ன பிறகு, அந்த வாக்கியம் முற்றத்தில் தனியாக நின்றது. 

லென்ஸு பையைத் திறந்தாள். ஓரத்தில் சின்னப் பூ போட்ட ஊதா ஃப்ரேமில் ஒரு மூக்குக்கண்ணாடி. “யாரோ ஒரு அம்மா ஆர்டர் குடுத்துட்டு வாங்க வரல. ஒண்ணே முக்கா பவர். நாலு மாசமா பையில வெச்சுக்கிட்டுத் திரியறேன். உங்ககிட்ட யாரு வாயத் தொறக்கறது?”

“எனக்கு எதுக்கு? வயசானவங்க போடறது.”

“என்னங்க” என்றாள் மனைவி. அவள் குரலை உயர்த்தவில்லை. “ஒரு வருஷமா மீனுல முள்ள எடுத்துட்டுத்தான் உங்க தட்டுல வெக்கிறேன். எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

முதலில் தெரிந்தது டேங்க் இல்லை. தன் கட்டைவிரல் நகத்துக்குள் இருந்த மூன்று மாதத்துக்கு முந்தைய வெள்ளிப் பெயிண்ட். அடுத்து, வாசல் பலகைக்குப் போகவிருந்த கண்ணைப் பிடித்து இழுத்து, டேங்க்குக்குக் கொண்டுவந்தார். சூரியனைச் சுற்றி ஆயிரம் கோடுகள். நேராக, குறுக்காக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, தலையை அசைத்தால் கூடவே அசைந்துகொண்டு. தலைவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. மாஸ்டர் மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாருதான்” என்றார். “நாருல தேச்ச மாதிரிதான் இருக்கு.”

போன் அடித்தது. தலைவர். ஒலிபெருக்கி தேவையில்லாத குரல். “மாஸ்டர்! படத்தைப் பாத்துட்டு மூணு பேரு வளையம் கேக்கறாங்க! செயலாளர் சிவப்புல, துணைச் செயலாளர் நீலத்துல! உங்க பேர மேடையில சொல்லப்போறேன்!”

போனை வைத்த பிறகு மனைவிதான் முதலில் பேசினாள். “பேசாம விட்டுடுங்களேன்.”

“என்னது?”

“வாங்கறவரு ரசிக்கிறாரு. நீங்க எடுக்கறேன்னு இறங்கி கிளியர் கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க? மேல மிச்சம் இருக்கறது ஒரு தலைமுடி கனம். அதத் தாண்டுனா கறுப்பு, அதத் தாண்டுனா சிவப்பு. மொத்தமும் திரும்ப அடிக்கணும், காய பத்து நாள். ஞாயித்துக்கிழமை அவரு மேடையில உங்க பேரச் சொல்லிட்டு, டேங்க் இல்லாத வண்டியக் காட்டுவாரு. அதுக்கப்புறம் இந்தத் தெருப்பக்கம் யாரு வருவா?”

“அக்கா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு மாமா.”

“யாருக்கும் தெரியப்போறதில்லங்க.”

“உனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியுது.” மாஸ்டர் பலகையைக் காட்டினார். “தெனம் அதுக்குக் கீழதான் போயிட்டு வரணும். குனிஞ்சுக்கிட்டே போவச் சொல்றியா?”

மனைவி பெருமூச்சு விட்டாள். பிறகு உள்ளே போய் டேப் உருளையை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் சம்மதம் என்பது அப்படித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை லென்ஸு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். முற்றத்தில் மூன்று வாளிகள் வரிசையாக இருந்தன. “ஒரு நம்பருக்கு ஒரு வாளி, கை கழுவ ஒண்ணு. ஒரு நம்பர்லேருந்து அடுத்ததுக்குப் போறதுக்கு முன்னாடி கையக் கழுவணும், நகத்தக் கழுவணும். எங்க பட்டறையில முழங்கை வரைக்கும் கழுவுவோம்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும். நேத்து வரைக்கும் எங்கேயோ வெச்சிருந்தீங்க.”

மனைவி டேங்க்கின் முதுகெலும்பு மாதிரி ஓடும் மேட்டிலும், ஓரங்களிலும் டேப் ஒட்டினாள். மேட்டில்தான் கிளியர் மெலிந்திருக்கும். கை தெரியாமல் அங்கே அழுத்தினால் முதலில் அதுதான் போகும். மாஸ்டர் ஊதாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாயிரம் நம்பர் தாளின் முதுகை ஒரு தரம் படித்தார். மறுபடி படித்தார். அதைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தொட்டெடுத்தார்.

பழைய கீறல்களில் ஆழமானவை நீளவாக்கில் ஓடின. அவர் குறுக்குவாக்கில் தேய்த்தார். அப்போதுதான் எது பழசு, எது புதுசு என்று தெரியும். நீளக் கோடு கடைசியாக எப்போது மறைகிறதோ அப்போது கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் அது வீண் தைரியம். கட்டை போய்வந்தது. அழுத்தம் இல்லை, கட்டையின் எடை மட்டும். சத்தம் முதலில் கரகரவென்று இருந்தது, பிறகு காகிதத்தில் யாரோ ரகசியம் பேசுவதுபோல ஆனது. பாலாகத் தண்ணீர் வழிந்தது. பால் வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை, கிளியர்தான் தேய்கிறது. பாலில் நிறம் தெரிந்தால் கதை முடிந்தது.

பத்து இழுப்புக்கு ஒருதரம் நிறுத்துவார். லென்ஸு தண்ணீர் ஊற்றுவாள். மனைவி துணியால் ஒற்றி எடுப்பாள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனியும்.

“இருக்கு.”

“இருக்கு.”

“இன்னும் ரெண்டு இருக்கு, உங்க இடது கைப் பக்கம்.”

வெயில் ஏறியது. கறுப்பு டேங்க் சூடாகிவிடும் என்று கூரை நிழலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். டீ வந்து ஆறிப்போனது. முதல் பாதி முடிந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மனைவி ஒற்றி எடுத்த இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு இறங்கியது.

 சிவப்புத் தண்ணீர் டேங்க்கின் வயிற்றில் மெதுவாக ஓடி, சொட்டாகத் திரண்டு, தரையில் விழுந்தது. மாஸ்டரின் கை கட்டையோடு அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில் இருந்த இரத்தம்தான் அப்படி இறங்கி ஓடுகிறதோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

“போச்சு” என்றார்.

“கொஞ்சம் இருங்க மாமா.” லென்ஸு குனிந்தாள். சொட்டை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பார்த்தாள். “அக்கா, அது என்ன துணி?”

“என் பழைய பாவாடைதான். கிழிச்சு எடுத்தேன். மெத்துன்னு இருந்துதேன்னு…”

“என்ன கலர்?”

மனைவி துணியைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது பாதிச் சாயம் அவள் உள்ளங்கையில் இருந்தது.

“இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு பயம் பட்டதில்ல” என்றார் மாஸ்டர், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

“நான் கல்யாணத்துக்குக் கொண்டு வந்த பாவாடைங்க. அன்னிக்குப் பயப்படல, இன்னிக்குப் பயப்படறீங்க” என்றாள் மனைவி. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வாளி ஒன்று கவிழ்ந்தது. நல்லவேளை, அது மூவாயிரத்துக்கு வைத்திருந்த வெறும் தண்ணீர்.

வெள்ளைத் துணி வந்தது. நீளக் கோடுகளில் கடைசிக் கோடு மறைந்தபோது மணி பதினொன்று. கையைக் கழுவினார்கள், முழங்கைவரை. மூவாயிரத்தை மறுபடி நீளவாக்கில் போட்டார். டேங்க் முழுக்க மங்கலாக, பனி படிந்த ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. தெரியாதவர்கள் அந்த நேரத்தில் பார்த்தால், இந்த ஆள் நல்ல டேங்க்கைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். பிறகு டேப்பை உரித்துவிட்டு, காம்பவுண்டு என்கிற மெருகுப் பசை. பட்டாணி அளவுக்கு நாலு பொட்டு வைத்து, கம்பளி மாட்டிய மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டார். ஒரே இடத்தில் நிற்கவிடவில்லை. நடுநடுவே புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார், காய்ச்சல்காரரின் நெற்றியைப் பார்ப்பதுபோல. பனிக்குள்ளிருந்து கறுப்பு வெளியே வந்தது. கம்பளியைக் கழற்றிப் பஞ்சு மாட்டி, இன்னொரு சுற்று. கடைசியில் ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் எண்ணெய்ப் பசை முழுவதையும் துடைத்து எடுத்தார்.

“அத ஏன் எடுக்கறீங்க? பளபளன்னு இருந்துதே” என்றாள் மனைவி.

“எண்ணெய் கீறல மூடிக் காட்டும். எனக்கு மூடி வேணாம்.”

முக்காலியில் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியன்மேல் உட்கார்ந்தது. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். ஊருக்கெல்லாம் வானத்தைக் காட்டிய மனிதருக்கு அன்று வானம் தன்னைக் காட்டவில்லை. “சொல்லுங்க மாமா, மேல சொல்லுங்க” என்றாள் லென்ஸு. 

மேகம் விலகியது.

டேங்க்கில் ஒரு சூரியன். சின்னதாக, வட்டமாக, ஓரம் கூர்மையாக. அதைச் சுற்றி எதுவும் இல்லை. கறுப்பு மட்டும், கிணறுபோல. மாஸ்டர் கொஞ்சம் நகர்ந்தார். சூரியனும் தனியாகவே நகர்ந்தது. அது போன வழியில் அடியிலிருந்து சிவப்பு எழுந்து, பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது.

லென்ஸு வேலையிடத்தில் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்திருந்தாள். அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆனது. நிமிர்ந்து, “ம்ம், பரவாயில்ல” என்றாள். பதினாலு வருஷத்தில் அவள் யாருக்கும் அவ்வளவு பெரிய பாராட்டு கொடுத்ததில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தலைவர் வந்தார். கூலிங்கிளாஸைக் கழற்றினார். குனிந்தார்.

“வளையம் எங்க?”

“எடுத்தாச்சு சார்.”

“எடுத்தாச்சா! மாஸ்டர், நான் பேரெல்லாம் வெச்சிட்டேனே!”

மாஸ்டர் ஊதாக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வியாழக்கிழமை விழுங்கிய வார்த்தை இப்போது சிரமமில்லாமல் வந்தது. “அது ஃபினிஷ் இல்ல சார். கீறல். நம்பர் மாறின தாள்ல தேச்சிருக்கேன். எனக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரல.”

“கீறலா? அப்ப நான் ரசிச்சது…”

“கீறலத்தான் சார்.”

தலைவர் சமையலறை வாசலில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சமாவது… ஒரு ஓரமா போட முடியாதா? சங்கத்துல நான் என்ன சொல்றது?”

“முடியும் சார்” என்றாள் லென்ஸு. “பாத்திரம் தேய்க்கிற நாரு ஒண்ணு குடுத்தனுப்பறேன். வீட்டுலயே போட்டுக்கலாம்.”

தலைவருக்குக் கோபம் வந்தது. சுடச்சுட ஒன்று சொல்வதற்காக மூச்சை இழுத்தபடி அவர் மறுபடி டேங்க்கைப் பார்த்தார். பார்த்ததில் தப்பு செய்துவிட்டார். வியாழக்கிழமை அதில் அவர் பார்த்தது வளையத்தை. இப்போது டேங்க்கையே பார்த்தார். ஆழம் தெரியாத கறுப்பு. அதற்குள் தன் முகம், ஒவ்வொரு மீசை மயிரும் தனித்தனியாக. முகத்துக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கங்கு மூச்சுவிடுவதுபோலச் சிவப்பு. இழுத்த மூச்சை அவர் சத்தமில்லாமல் வெளியே விட்டார். ஜாக்கெட் மட்டும் கிறீச்சென்றது.

“யோசிக்குது மாஸ்டர்” என்றார். அந்த இரண்டு வார்த்தையில் மட்டும் தலைவர் யாரும் இல்லை.

மறுநாளே அவருக்குள் தலைவர் திரும்ப வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். கண்காட்சியில் அந்த டேங்க்குக்கு முன்னால் வரிசை நின்றது. ஒருவர் குனிந்து தலை வாரிக்கொண்டார். வளையம் எங்கே என்று செயலாளர் கேட்டதற்குத் தலைவர் மைக்கில் பதில் சொன்னார்: “வளையத்த எடுக்கச் சொன்னதே நான்தான். ஆடம்பரம் எனக்குப் பிடிக்காது.” கூட்டம் கைதட்டியது. ஓரத்தில் நின்ற மாஸ்டரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு மீன். மனைவி தன் தட்டில் முள்ளெடுக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் அவளிடமிருந்து துண்டை வாங்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடித்து அந்தத் துண்டை அவள் தட்டில் வைத்தார்.  பிறகு அவராகவே, “ரெண்டு வருஷத்துல எத்தன வெள்ளை அடிச்சோம்?” என்று கேட்டார்.

“முப்பது இருக்கும். வெள்ளியும் சேத்தா நாப்பது.”

“ம்” என்றார்.

திங்கட்கிழமை உச்சி வெயில். பட்டறை பூட்டியிருந்தது. கடைத்தெரு சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றபோது, ஓரத்திலிருந்து ஊதாக் கண்ணாடி போட்ட ஒரு மீசைக்காரர் இறங்கி வந்து, ஒரு வெள்ளி நிற மோட்டார் சைக்கிளின் முன்னால் குனிந்தார். டேங்க்கைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

வண்டிக்காரர் ஹெல்மெட்டை உயர்த்தினார். “அட, மாஸ்டர்! என்ன இங்க?”

“வண்டிய நாளைக்குப் பட்டறையில விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல தரேன். மறுபடி தேய்க்கணும்.”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு?”

“கீறல் இருக்கு.”

வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்துவிட்டன. “எனக்கு ஒண்ணும் தெரியலையே மாஸ்டர்?”

“எனக்கும்தான் தெரியல” என்றார் மாஸ்டர், “ரெண்டு வருஷமா.”

சிக்னல் பச்சைக்கு மாறியது. அவர் ஓரத்துக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த சிவப்புக்காக நின்றார்.